கதைக்குத் தீர்ப்பு எழுத வந்த தம்பிக்கு

புத்தகத்தைத் தொறக்க முன்ன அதுக்குப் பக்கத்துல ஒரு கோப்பைத் தேத்தண்ணி வைக்கணுமாம். ஜன்னல் வழியா மலை தெரியணுமாம். வெளிச்சம் சரியா விழணுமாம். அப்புறம் போட்டோவாம். மெய்யாவா தம்பி? தேத்தண்ணி ஆறிப் போகுதுடா. மழையில நனைஞ்சுக்கிட்டு ஒருத்தி எடுத்த கொழுந்து அது. குடிச்சிட்டாவது போட்டோ புடி.

கோவிக்காத. நம்ம வலப்பனைப் பக்கத்துப் புள்ளைக கையில புத்தகத்தோட நிக்கிறதப் பாக்குறதே எனக்கு சந்தோசம்தான். முந்தியெல்லாம் இங்க கையில என்னா இருக்கும்? கவ்வாத்துக் கத்தி இருக்கும், மண்ணு கொத்துற முள்ளு இருக்கும், கூடைக் கயிறு இருக்கும். இப்போ சிறுகதைத் தொகுதி இருக்கு. நல்லது. ஆனா அத வச்சுக்கிட்டு நீ ஆடுற ஆட்டம் இருக்கே, அதத்தான் கொஞ்சம் பேசணும். வாசல் இஸ்தோப்புல எடம் கெடக்கு, வந்து குந்து.

வருசத்துக்கு 50 புத்தகம் முடிக்கிறேன்னு எல்லாருக்கும் அறிவிச்சிருக்கியாமே. கொழுந்துக்கு நாளைக்கு இத்தனை கிலோன்னு நோம் வைக்கிற மாதிரி வாசிப்புக்கும் நோம் வச்சுட்டியா? நோம் எடுக்கல்லைன்னா அரைப்பேருன்னு பாதிச் சம்பளம் போடுவாங்களோ? யாருடா உனக்குக் கங்காணி?

சரி, இப்ப கையில வச்சிருக்கிறது கலியாணம், பொறாமை, தனிமை பத்தின கதைங்கிற. வாசிச்சிட்டு என்னா சொன்ன? இந்தப் புருஷன் டொக்சிக். அந்தப் பொண்டாட்டிக்கிட்ட ரெட் ஃப்ளாக் இருக்கு. இவளுக்குக் கவுன்சலிங் தேவை. அவ அப்பவே அவன விட்டுட்டுப் போயிருக்கணும். மொத்தமா மூணரை நட்சத்திரம். மிச்சத்தை எதுக்கு வெட்டினன்னு கேட்டா, முடிவு எனக்குப் புடிக்கல்லைங்கிற. ஏன்டா, முடிவு புடிச்சுப் போன குடும்பம் ஒண்ண நீ எங்கயாச்சும் பாத்திருக்கியா?

கொழுந்து நிறுக்குற எடத்துல நடக்குற கூத்து உனக்குத் தெரியும். கூடையைச் சரியா இறக்கி வைக்க முன்னமே கழிவு வெட்டிடுவாங்க. தண்ணிக்கு இத்தனை கிலோ, சாக்குக்கு இத்தனை கிலோ. நீயும் அந்த மாதிரிதான். கதைக்குள்ள ஒரு ஆளு வந்து நிக்க முன்னமே அவனுக்குக் கழிவு வெட்டிடுற. அப்புறம் மிச்சத்துல என்னா இருக்கும், நிறுத்துப் பாக்க?

நீ போய் உக்காந்திருக்கிறது கோட்டுல, நீதவான் கதிரையில. அங்க உக்காந்து கதை வாசிக்க ஏலாது. கதை வாசிக்கிறவனுக்கு எடம் பக்கத்துக் காம்பரா. வெளங்கல்லையா? சொல்றேன் கேளு.

நீ பொறந்தது லயத்துலதான், ஆனா படிச்சது டவுனு, வேலை கொழும்பு, தூக்கம் போர்டிங்கு. பழைய லயம் உனக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது. குடும்பத்துக்கு ஒரு காம்பரா, 10-க்கு 12 அடி. எங்க லயத்துல நடுச்சுவரு கூரை வரைக்கும் போகாது. முகட்டுக்குக் கீழ ஒரு வெளி இருக்கும். இந்தப் பக்கத்து அடுப்புப் பொகை அந்த வெளியால அந்தப் பக்கம் போகும். பேச்சும் போகும். குடிச்சிட்டு வந்தவன் நடுச்சாமத்துல அழுவான். மாமியா பாத்திரத்த இழுத்து வைக்கிற சத்தத்துலயே அன்னைக்கு யாரு மேல கோவம்னு தெரிஞ்சிடும். புதுசா வந்த பொண்ணு சிரிச்சிட்டு, சிரிச்சது கேட்டிருக்குமோன்னு வாயைப் பொத்துறதும் கேக்கும்.

விடிஞ்சா அதே பொம்பளையைத் தண்ணிப் பீலியில பாக்கணும். குடத்தை வச்சுக்கிட்டு, "என்னா அக்கா, இன்னைக்கு எந்த மலை?"ன்னு கேக்கணும். ராத்திரி எதையும் கேக்காத மூஞ்சியை வச்சுக்கணும். நீ கேட்டன்னு அவளுக்கும் தெரியும். அவளுக்குத் தெரியும்னு உனக்கும் தெரியும். ஆனாலும் கொழுந்தைப் பத்தியும் மழையைப் பத்தியும்தான் பேச்சு. இந்த மூஞ்சி இல்லாதவன் லயத்துல குடியிருக்க ஏலாது தம்பி. கதை வாசிக்கவும் ஏலாது.

அப்படி மூஞ்சி வச்சுக் கதை எழுதின கு.ப. ராஜகோபாலன்னு ஒரு மனுசன் இருந்தாரு. கும்பகோணத்துக்காரரு, 1902-ல பொறந்தவரு, 1944-லயே கண்ண மூடிட்டாரு. கு.ப.ரா.ன்னு சொல்லுவாங்க. சர்க்கார் வேலையில இருந்தவரு. கண்ணுல புரை விழுந்து பார்வை போய், வேலையை விட்டு, அப்புறம் சிகிச்சையில பார்வை திரும்பி வந்துச்சு. தங்கச்சி சேது அம்மாளும் கதை எழுதினவங்க. அந்த மனுசன் எழுதின கதைகள்ல பெரிய சண்டை இருக்காது, அருவா இருக்காது. ஒரு வீட்டுக்குள்ள புருஷனும் பொண்டாட்டியும் எப்படி மொகத்தைப் பாத்துக்காம இருக்காங்கன்னு எழுதுவாரு. பார்வை இல்லாமக் கெடந்த நாளையில காதை நல்லாத் தீட்டி வச்சிருப்பாரோன்னு நான் நெனைச்சுக்கிறது.

அவரு கதையில ஒண்ணு 'ஆற்றாமை'. நீ தேடுற கலியாணம், பொறாமை, தனிமை மூணும் அந்த ஒரே கதைக்குள்ள அடங்கிப் போச்சு. ஒருத்தி, புருஷன் தூரத்துல. அடுத்தாப்புல ஒரு இளஞ்சோடி. ராத்திரி அந்தச் சோடியில புருஷனைத் தேடிக்கிட்டு ஒரு ஆளு வாரான். இவ என்னா சொல்லணும்? "படுத்துட்டாங்க, காலையில வாங்க"ன்னு சொல்லணும். மரியாதை தெரிஞ்ச அயல்வீடு அதத்தான் சொல்லும். இவ கதவைத் தட்டச் சொல்றா. அவ்வளவுதான் செஞ்சா. கொள்ளி வைக்கல்ல, கோள் மூட்டல்ல. அதுக்கப்புறம் அவ மனசு படுற பாடு இருக்கே, அதுதான் கதை.

இதுக்கு நீ என்னா எழுதுவ? பொறாமைக்காரி, தள்ளி வைக்கணும்னு எழுதுவ. போடா. நடுச்சுவரு தாழ்ந்த எந்த லயத்துலயும் அவ இருக்கா. புருஷன் கொழும்புக் கடையில சாமான் கட்டுறான், தீவாளிக்குத்தான் வருவான். இல்லாட்டி இவ புள்ளையைத் தாயிட்ட விட்டுட்டு சவுதிக்கோ குவைத்துக்கோ போயிருக்கா, அங்க யாரோ வீட்டுச் சமையக்கட்டுல நின்னுக்கிட்டு அந்த வீட்டு மொதலாளி பொண்டாட்டி சிரிக்கிறதக் கேக்குறா. கதவைத் தட்டச் சொல்ல ஒரு தடவையாச்சும் நாக்கு அரிக்காதவ யாரு? ஆம்பளைக்கு அரிக்காதா? பக்கத்து வீட்டுக்காரன் புது மோட்டார் சைக்கிள் எடுத்தான்னு நீ ரெண்டு நாளு சாப்பாடு எறங்காமத் திரிஞ்சது எனக்குத் தெரியும். அதை நான் யாருக்கிட்டயாச்சும் சொன்னேனா?

கு.ப.ரா. கதையில ஒரு சுவராச்சும் இருந்துச்சு. நம்ம பக்கத்துக் கதையில அதுவும் கெடையாது. தெளிவத்தை ஜோசப்புன்னு நம்ம ஆளு. பதுளைப் பக்கம், 1934-ல பொறந்தவரு, 2022-ல போய்ச் சேந்தாரு. தெளிவத்தைங்கிறது தோட்டத்துப் பேரு. தோட்டத்துப் பேரையே தன் பேருக்கு முன்னால போட்டுக்கிட்ட மனுசன். இந்தியாவுல 2013-ல விஷ்ணுபுரம் விருது குடுத்தாங்க. அவரு எழுதின 'மீன்கள்'ங்கிற கதையை வாசிச்சியா? ஒத்தைக் காம்பரா. வளந்த புள்ளைக. அதுக்குள்ள ஒரு புருஷனும் பொண்டாட்டியும். ராத்திரி. விளக்கு அணைஞ்சிருக்கு. இதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன், எனக்கே கூச்சமாருக்கு.

நீ 'பெர்சனல் ஸ்பேஸ்' வேணும்னு சண்டை போட்ட பொண்ணைப் பத்திச் சொன்னியே, அப்ப எனக்கு இந்தக் கதைதான் ஞாபகம் வந்துச்சு. அது பொய்யில்ல, ஆளுக்கு ஒரு எடம் வேணும்தான். கலியாணம் முடிச்ச ரெண்டு பேரு ஒருத்தரை ஒருத்தர் தொட, புள்ளைக தூங்குறதை மூச்சு எண்ணிப் பாத்துக்கிட்டுக் காத்துக் கெடக்கணும்னா அது என்னா வாழ்க்கை? தனிமைன்னா ஆளில்லாம இருக்கிறதுன்னு நெனைச்சுக்கிட்டு இருக்க. எட்டுப் பேரு படுத்திருக்கிற காம்பராவுலயும் அது வரும். அதைக் காம்பராக் கணக்கு எழுதுற எந்தத் துரையும் எழுதல்ல, கதைக்காரன்தான் எழுதினான்.

பொறாமையை ராத்தல் கணக்குல நிறுத்துக் காட்டின கதையும் நம்மகிட்ட இருக்கு. என்.எஸ்.எம். இராமையா எழுதின 'ஒரு கூடைக் கொழுந்து'. ஒரு பொண்ணு மத்தவங்கள விடக் கூடக் கொழுந்து எடுத்துட்டா. போச்சு. எப்படி எடுத்தா? கணக்கப்பிள்ளை கைவேலையா இருக்குமோ? ஊரு வாயை மூட அவ மறுபடியும் எடுத்துக் காட்ட வேண்டியிருக்கு. இந்தக் கதை பேருலயே தொகுதி 1980-ல வந்துச்சு. ஜோசப்போட 'நாமிருக்கும் நாடே' அதுக்கு முந்தின வருசம். ரெண்டையும் மு. நித்தியானந்தன் வைகறைன்னு ஒரு பதிப்பகம் வச்சு அச்சுல போட்டாரு. நீ மூணரை நட்சத்திரம் போடுறதுக்கு ஒருத்தன் கைச்சல்லியை வச்சு அச்சடிச்சிருக்கணும் தம்பி. அதையும் ஒரு ஓரமா நெனைச்சுக்க.

இந்தக் கதைகள் எங்களுக்குப் புத்தகமா வரல்ல. மொதல்ல பேப்பருல வந்துச்சு. அறுபதுகள்ல மலைநாட்டு எழுத்தாளர்களுக்குன்னு வீரகேசரியில சிறுகதைப் போட்டி நடந்துச்சு. பரிசு வாங்கின கதைகளை 1971-ல 'கதைக்கனிகள்'னு புத்தகமாவும் போட்டாங்க. ஞாயித்துக்கிழமைப் பேப்பரு இராகலை டவுனுக்குப் போனவன் கக்கத்துல வரும். லயத்துல எழுத்துக் கூட்டத் தெரிஞ்சவன் ஒருத்தன் வாசிப்பான். மத்தவங்க சுத்திக் குந்தியிருப்பாங்க. ஒருத்தி புள்ளைக்குப் பேன் பாப்பா, ஒருத்தி தேங்காத் துருவிக்கிட்டே கேப்பா. கதையில வார மாமியாக்காரி ஒரு வார்த்தை கூடப் பேசிட்டா, தேங்காத் துருவுறவ துருவலையை நிறுத்திட்டு அந்த மாமியாக்காரியை வாய் கூசாம வைவா. வாசிக்கிறவன் பொறுமையாக் காத்திருந்து, அவ முடிச்சதும் அடுத்த வரிக்குப் போவான். கொஞ்சம் கழிச்சுப் பாத்தா, அதே மாமியாக்காரிக்காக அவளே கண்ணைத் தொடைச்சுக்கிட்டிருப்பா. கோட்டுத் தீர்ப்புல இந்தத் திரும்புறது நடக்குமா? தூக்குத் தண்டனை எழுதின பேனையை அங்க ஒடிச்சில்ல போடுவாங்க.

உன்னோட வாசிப்பு வட்டத்துல என்னா நடக்குதுன்னு கேட்டேன். ஊருக்கு வந்தா நுவரெலியாவுல ஒரு ஹோட்டல்ல கூடுறீங்களாம். கேக்கு உண்டாம். ஆளுக்கு அஞ்சு நிமிசமாம். ஒருத்தரு பேசினா மத்தவங்க குறுக்க பேசக் கூடாதாம். அட ராசா! குறுக்க பேசாம எதுக்குடா கதையைப் பத்திப் பேசுறது? அந்த அஞ்சு நிமிசத்துலயும் பாதி, எந்த வெளிநாட்டு எழுத்தாளன் இப்படி எழுதியிருக்கான்கிறதுல போயிடுமாம். நம்ம புசல்லாவையிலயும் தலவாக்கலையிலயும் எழுதினவங்க பேரு ஒண்ணு வரல்லையாம். கு.ப.ரா.வைக் கேட்டா, எந்தப் படத்துக்குக் கதை எழுதினாருன்னு ஒருத்தன் கேட்டானாம். கேக்கு மட்டும் நல்லா இருந்துச்சாம். சந்தோசம்.

இன்னொண்ணு. முடிவைச் சொல்லிட்டா உனக்கு வலிப்பு வந்துடுது. "ஸ்பொய்லர், ஸ்பொய்லர்"ன்னு காதைப் பொத்திக்கிற. நான் வேணும்னேதான் சொல்லுவேன். கு.ப.ரா.வோட 'விடியுமா'வுல என்னா நடக்குது? சென்னை ஆசுப்பத்திரியில இருக்கிற அக்கா புருஷனுக்கு ஆபத்துன்னு தந்தி வருது. அக்காளும் தம்பியும் ராத்திரி ரயிலேறிப் போறாங்க. போய்ப் பாத்தா ஆளு இல்ல, முடிஞ்சு போச்சு. பாத்தியா, சொல்லிட்டேன். இப்ப போய் வாசி. அந்தப் பொண்டாட்டி ராத்திரி பூரா ரயில்ல பயந்துக்கிட்டு வந்தாளே, விடிஞ்சப்ப அவ மனசுல என்னா இருந்துச்சுன்னு நீ வாசிச்சாத்தான் தெரியும். அதை நான் வாயால சொல்ல ஏலாது, எழுதினவராலயே பட்டுன்னு சொல்ல ஏலாமத்தான் கதையா எழுதினாரு.

முடிவு தெரிஞ்சா சுவை போயிடும்கிறியே, மாசி மாசம் காமன் கூத்து எதுக்குடா நடக்குது? கம்பம் ஊண்டுறாங்க. ரதிக்கும் மன்மதனுக்கும் கலியாணம் நடக்குது. தப்பு அடிக்குது. சிவன் நெத்திக்கண்ணைத் தொறக்குறாரு, மன்மதன் எரிஞ்சு போறான். வருசா வருசம் எரியிறான். ஒரு வருசமாச்சும் தப்பிச்சானா? லயத்துல பால் குடிக்கிற புள்ளைக்கும் அது தெரியும். ரதி வேசம் கட்டினவன் ஆம்பளை, காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பிரட்டுக்கு நம்மளோட வந்து நின்னவன்தான். மூஞ்சியில அரிதாரத்துக்கு மேல மீசை முள்ளு தெரியுது. இருந்தும் அவன் புருஷனைப் பறிகுடுத்துட்டுப் புலம்ப ஆரம்பிச்சா, பொம்பளைக முந்தானையை வாயில அடைச்சுக்கிட்டு அழுவாளுக. எவளும் "எனக்கு முடிவு முன்னமே தெரியும்"னு சொல்லி எந்திரிச்சுப் போனதில்ல. கலியாணமும் தனிமையும் ஒரே ராத்திரியில நடக்குற கதை அது. எங்களுக்கு அதுதான் மொதல் சிறுகதைத் தொகுதி.

இப்ப சில தோட்டங்கள்ல தனி வீடு கட்டிக் குடுக்குறாங்க. நல்ல காரியம், இன்னும் எத்தனையோ பேரு லயத்துலதான் கெடக்குறாங்க, அவங்களுக்கும் கெடைக்கணும். ஆனா தனி வீடு வந்ததும் பொறாமை பீலியோட போயிடும்னு நெனைச்சியா? அது போனுக்குள்ள ஏறிடுச்சு. மெசேஜைப் பாத்துட்டான், நீலக் கோடு விழுந்துடுச்சு, பதில் போடல்ல, ஆனா ஒன்லைன்ல இருக்கான். இத வச்சுக்கிட்டு நம்ம புள்ளைக ராத்திரி பூரா தூங்காமக் கெடக்குதுக. அந்தக் காலத்துல மூணு மாசத்துக்கு ஒரு கடுதாசி வந்தப்ப தூங்கினவங்க, இப்ப மூணு நிமிசத்துக்குத் தூங்க மாட்டேங்குறாங்க. கு.ப.ரா. இருந்திருந்தா அந்த நீலக் கோட்டை வச்சு ஒரு கதை எழுதியிருப்பாரு. நீ அதுக்கும் ரெட் ஃப்ளாக் போட்டிருப்ப.

அதனால, புத்தகத்தைக் கொண்டா இங்க. அட்டை கசங்கும்னு பாக்காத. கசங்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு கதை வாசி, ரெண்டு வேணாம். வாசிச்சதும் போனைத் தேடாத. எந்திரிச்சுப் போய் ஒரு வேலையைப் பாரு, விறகைப் பொள, புள்ளையைக் குளிப்பாட்டு. அப்பவும் அந்தப் பொம்பளை மனசுல நின்னா கதை நல்ல கதை. நிக்கல்லையா, விட்டுடு, நீயும் கெட்டுப் போகல்ல, எழுதினவனும் கெட்டுப் போகல்ல. அதுக்கு எதுக்கு நட்சத்திரம்?

போன மழையில நானும் எங்க வீட்டுக் கிழவிக்கு அந்த 'ஆற்றாமை' கதையை வாசிச்சுக் காட்டினேன். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, ஆனா கேக்குறதுல அவளை மிஞ்ச ஆளில்ல. வெத்திலையை மென்னுக்கிட்டே கடைசி வரைக்கும் கேட்டா. நான் கண்ணாடியைக் கழட்டிட்டு, "தட்டச் சொன்னவ செஞ்சது சரியா?"ன்னு கேட்டேன். பாரு, நானும் ஒரு நிமிசம் கோட்டுல ஏறி உக்காந்துட்டேன், உன் சகவாசம். அவ சொல்றா: "அவளை எதுக்குச் சொல்ற? அகால நேரத்துல ஒரு வீட்டுக்கு ஆளைத் தேடிக்கிட்டு வந்தானே, அந்த அறிவுகெட்டவனைச் சொல்லு." அப்புறம் வெத்திலையை இந்தக் கடைவாயிலருந்து அந்தக் கடைவாய்க்கு மாத்திக்கிட்டு, "நாம கலியாணம் முடிச்ச புதுசுல, பக்கத்துக் காம்பராக்காரி ராவானா இருமிக்கிட்டே கெடப்பாளே, ஞாபகமிருக்கா? பகல்ல அவ இருமி நான் ஒரு நாளும் பாத்ததில்ல"ன்னா.

இத்தனை வருசமா இதை யாருக்கிட்டயும் மூச்சு விடல்ல அவ. பீலியில அந்தப் பொம்பளைக்குத் தண்ணிக் குடம் தூக்கிக் குடுத்திருக்கா, அவ மகளுக்குப் பேறு பாத்திருக்கா. நான் வாயைப் பொளந்துக்கிட்டு அவளையே பாத்தேன். "என்னா பாக்குற, அடுத்த கதையை வாசி"ன்னு சொல்லிட்டு, காலை நீட்டி உக்காந்துட்டா.